எழுபது வயது எம்-2, மலைமேல் ஒய்டிஎம்-4: இன்னும் ஓடும் பழைய டீசல் இன்ஜின்கள்

மீட்டர்கேஜ் எழுதியது:

போன வாரம் குன்னூர் நிலையத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க நின்றேன். மேட்டுப்பாளையத்திலிருந்து பற்சக்கரப் பாதையில் ரயிலைத் தள்ளிக்கொண்டு வந்த நீராவி இன்ஜின் கழன்று போனது. பெட்டிகளில் இருந்த அத்தனை பேரும் அதைப் படம் எடுக்க ஓடினார்கள். அதன் இடத்துக்கு வந்து கோத்துக்கொண்ட டீசல் இன்ஜினை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அது ஒய்டிஎம்-4. அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து வந்து இறங்கிய வகை. பின்னால் வாரணாசியிலேயே கட்டினார்கள். தமிழ்நாட்டின் மீட்டர் கேஜ் பாதைகள் எல்லாம் ஒவ்வொன்றாக அகலப் பாதையாகிவிட்ட பிறகு, குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவிலுள்ள இந்தத் துண்டில்தான் அது இன்னும் பயணிகளை இழுக்கிறது.

செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் இதே இன்ஜின்கள் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் பிடித்துக்கொண்டு ரயிலை ஏற்றியதைப் பார்த்திருக்கிறேன். தென்மலையின் பதின்மூன்று கண் பாலத்தில் முன் இன்ஜின் வளைந்து திரும்பும்போது, கடைசிப் பெட்டியில் இருப்பவனுக்கு இரண்டு இன்ஜின்களின் சத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். 2010-ல் அந்தப் பாதையை மூடினார்கள். அகலப் பாதையாக 2018-ல் திறந்தார்கள். அந்த இரட்டைச் சத்தத்தை நான் பதிவு செய்து வைக்கவில்லை. அந்த வருத்தம் இன்றுவரை தீரவில்லை.

நீராவி இன்ஜினுக்கு அழுதவர்கள் ஏராளம். டீசலுக்கு அழ ஆளில்லை. அதனால்தான் இந்த இழை. எங்கெங்கே பழைய டீசல்கள் இன்னும் வேலையில் இருக்கின்றன, அவற்றோடு உங்களுக்கு என்ன உறவு என்று எழுதுங்கள்.

---

வடக்குப்பாதை எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் எம்-2 இருக்கிறது. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா கொடுத்த இயந்திரங்கள். அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் ஜி12 வகை. முதலில் வந்தவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்களையே சூட்டினார்கள். 569 ஒன்டாரியோ, 570 ஆல்பர்ட்டா. பெயர்ப்பலகை பக்கவாட்டில் இருக்கும். உலக வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அந்த மாகாணங்களின் பெயர்கள் தெரியும்.

எங்கள் வீடு வடக்குப் பாதையின் ஓரம். தூரத்தில் ஊதல் கேட்டதும் அப்பா, "கனடாக்காரன் வருகிறான்" என்பார். எந்த இயந்திரம் என்று அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். 1990-ல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. 2014 அக்டோபரில்தான் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. நடுவில் இருபத்து நான்கு ஆண்டுகள். தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள், சிலிப்பர் கட்டைகளை எடுத்துவிட்டார்கள், பாதை இருந்த மேட்டில் புல் வளர்ந்தது. அப்பா அந்த இருபத்து நான்கையும் கடந்து வரவில்லை.

நான் கொழும்புக்கு வேலைக்குப் போன முதல் வாரத்தில் கோட்டை நிலையத்தில் ஒரு எம்-2 நின்றபடி உறுமிக்கொண்டிருந்தது. போக வேண்டிய வண்டியை விட்டுவிட்டு அதன் அருகில் போய் நின்றேன். உள்ளங்கையைப் பக்கத் தகட்டில் வைத்தேன். அதிர்வு முழங்கைவரை ஏறியது. சாரதி மேலிருந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

---

எட்டாம் நாட்ச் எழுதியது:

ஓய்வுபெற்ற லோகோ பைலட். டீசல் உதவியாளராகச் சேர்ந்து கடைசியில் மின்சார இன்ஜினில் முடித்தேன். நடுவில் நெடுங்காலம் டபிள்யூடிஎம்-2, அகலப் பாதைக்கான ஆல்கோ வகை. அதன் பிறகு அதே வழியில் வந்த டபிள்யூடிஎம்-3ஏ.

வெளியில் நின்று கேட்பவர்களுக்குச் சத்தம். உள்ளே இருந்தவனுக்கு அது உடம்பு. சொல்கிறேன். இரவு ஓட்டத்தில் உதவியாளர் எழுந்து போய் இன்ஜினைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கேபின் கதவைத் திறந்து பக்கவாட்டு நடைபாதையில் இறங்கினால் ஒரு கை கம்பியில், ஒரு கையில் டார்ச். ஹூடின், அதாவது இன்ஜினை மூடிய நீளக் கூண்டின், கதவு ஒன்றைத் திறந்தால் சூடு முகத்தில் அறையும். டீசலும் எண்ணெயும் கலந்த வாசனை. தண்ணீர் அளவு கண்ணாடியில் சரியாக இருக்கிறதா, எங்காவது எண்ணெய் ஒழுகுகிறதா, பழக்கமில்லாத சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொல்ல வேண்டும். வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். பக்கத்தில் வயல் இருட்டாக நழுவும். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பயமும் பெருமையும் ஒரே அளவில் இருந்தன.

நீண்ட ஹூட் முன்னால் வைத்து ஓட்டுவது சிரமம். முகத்துக்கு முன்னால் ஒரு நீளமான பெட்டி. இந்தப் பக்கச் சிக்னல் எனக்குத் தெரியும், அந்தப் பக்கத்தது உதவியாளருக்குத்தான் தெரியும். இருவரும் சிக்னலை உரக்கச் சொல்லிக்கொள்வது எப்போதும் விதிதான். ஆனால் நீண்ட ஹூட் முன்னால் இருக்கும்போது அந்தக் குரல்தான் என் கண். மழை நாளில் சக ஊழியரின் குரலை நம்பி ஓட்டியிருக்கிறேன். இன்றைய இன்ஜினில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். நல்லதுதான், அவர்களுக்கு அது கிடைக்க வேண்டும். நாங்கள் பட்ட வெக்கையை யாரும் பட வேண்டாம்.

ஆனாலும் எட்டாம் நாட்ச், அதாவது விசைப்பிடியின் கடைசிப் படி, போட்டதும் முதுகுக்குப் பின்னால் அந்தப் பதினாறு சிலிண்டரும் ஒன்றாக எழுந்து நிற்குமே, அதற்கு இணையாக வேறொன்றும் எனக்கு அமையவில்லை.

---

சன்னலோரம் எழுதியது:

வணக்கம். நான் இன்ஜின் பற்றி அதிகம் தெரியாதவள், ரயில் பயணம் பிடித்தவள். இரண்டு கேள்விகள். ஆல்கோ கிளம்பும்போது மட்டும் ஏன் அவ்வளவு கரும்புகை? நின்றுகொண்டிருக்கும்போது சத்தம் ஏன் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்கி மூச்சு வாங்குவதுபோல் இருக்கிறது?

---

கவர்னர் எழுதியது:

சன்னலோரம் அம்மா, நான் ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவன். இரண்டுக்கும் பதில் சொல்ல முடியும்.

ஆல்கோவின் டர்போ புகைவிசையால் சுழல்வது. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகைதான் அதைச் சுற்றுகிறது. அது சுற்றினால்தான் சிலிண்டருக்கு நிறையக் காற்று போகும். டிரைவர் நாட்ச் ஏற்றியதும் எரிபொருள் உடனே கூடிவிடும். டர்போ வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளில் எண்ணெய் அதிகம், காற்று குறைவு. எரியாத கரிதான் நீங்கள் பார்க்கும் கரும்புகை. டர்போ பிடித்துக்கொண்டதும் புகை வெளுத்துவிடும். வெளுக்காமல் தொடர்ந்து கறுத்தால் டர்போவிலோ இன்ஜெக்டரிலோ கோளாறு என்று அர்த்தம். வெளிநாட்டு ரயில் ஆர்வலர்கள் ஆல்கோவைக் கௌரவ நீராவி இன்ஜின் என்று கொண்டாடுவது இந்தப் புகையால்தான்.

இரண்டாவது கேள்விக்கு என் புனைபெயரே பதில். வேகத்தைக் கட்டிப்பிடிப்பது கவர்னர். சும்மா நிற்கும்போது வேகம் கொஞ்சம் குறைந்தால் எரிபொருளைக் கூட்டும், கூடினால் குறைக்கும். சற்றே தேய்ந்த கவர்னர் இந்த இரண்டுக்கும் நடுவில் அலையும். அதுதான் நீங்கள் கேட்கும் மூச்சு.

வடக்குப்பாதை தம்பியின் எம்-2 வேறு குணம். அது டூ-ஸ்ட்ரோக். பன்னிரண்டு சிலிண்டரும் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும். காற்றைத் தள்ளுவது இன்ஜினோடு சேர்ந்தே சுழலும் ஊதி, டர்போ இல்லை. அதனால் கிளம்பும்போது ஆல்கோ அளவுக்குப் புகை கக்காது.

இன்னொரு கணக்கு. ஆல்கோ சும்மா நிற்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று. ஃபோர்-ஸ்ட்ரோக் என்பதால் பதினாறு சிலிண்டரில் எட்டு ஒரு சுற்றில் வெடிக்கும். நொடிக்கு 53 வெடிப்பு. எம்-2 நிற்பது 275 சுற்றில். நொடிக்கு 55. கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை, ஆனால் காதுக்கு இரண்டும் வேறு வேறு ஆள். குன்னூரில் நிற்கும் ஒய்டிஎம்-4 ஆறு சிலிண்டர்தான். அதே 400 சுற்றில் நொடிக்கு இருபதே வெடிப்பு. அதனால்தான் அதன் சத்தத்தைத் தனித்தனியாக எண்ணிவிடலாம் போலிருக்கும்.

---

கீழ்த்தெரு எழுதியது:

எல்லோரும் நெகிழ்ந்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஒரு பக்கம் உண்டு, அதையும் கேளுங்கள்.

நான் வளர்ந்த வீட்டுக்கும் ஒரு டீசல் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். இரவெல்லாம் நான்கைந்து இன்ஜின்கள் நின்றபடி ஓடிக்கொண்டிருக்கும். அம்மா காயப்போட்ட வெள்ளை வேட்டியில் எண்ணெய்ப் பொட்டுகள் விழும். துவைத்தாலும் போகாது. தங்கைக்கு மூச்சிரைப்பு இருந்தது. அவள் இருமத் தொடங்கினால் ஜன்னலைச் சாத்துவோம். சாத்தினால் வெக்கை தாங்காது, மறுபடி திறப்போம். அவள் மூச்சிரைப்புக்கு அந்தப் புகைதான் காரணம் என்று எந்த மருத்துவரும் சீட்டில் எழுதித் தரவில்லை. ஆனால் நாங்கள் வீடு மாறிய பிறகு அவள் இரவில் தூங்கினாள்.

எங்கள் பாதைக்கு மின்கம்பி வந்த நாளில் நான் மகிழ்ந்தேன். இந்த இன்ஜின்கள் அழகுதான், மறுக்கவில்லை. தூரத்தில் நின்றவர்களுக்கு.

---

மீட்டர்கேஜ் எழுதியது:

கீழ்த்தெரு, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். நான் எப்போதும் பயணியாகவும் பார்வையாளனாகவும் மட்டுமே அந்த இன்ஜின்களின் அருகில் நின்றிருக்கிறேன். ரயில் போனதும் நானும் போய்விடுவேன். நீங்கள் போக முடியாத இடத்தில் இருந்தீர்கள். அது பெரிய வித்தியாசம்.

பழைய டீசல்களே தொடர்ந்து ரயில்களை இழுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மின்மயமாக்கல் வேண்டும். என் கவலை வேறு. 1962-ல் வந்த முதல் டபிள்யூடிஎம்-2, 18040 என்ற எண்ணுடன் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. குழந்தைகள் ஏறி விளையாடுகிறார்கள். நல்லது. ஆனால் அது பேசாது. வகைக்கு ஒன்றாவது ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எட்டாம் நாட்ச் ஐயா, அவற்றை ஏன் அணைக்காமல் இரவெல்லாம் ஓடவிட்டார்கள்? கீழ்த்தெருவுக்கு அந்தப் பதிலாவது கிடைக்க வேண்டும்.

---

எட்டாம் நாட்ச் எழுதியது:

நியாயமான கேள்வி. அந்த இன்ஜினைக் கிளப்புவது காரைக் கிளப்புவது போலில்லை. பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து ஜெனரேட்டரையே மோட்டார்போல் சுழற்றி அவ்வளவு பெரிய இன்ஜினைத் திருப்ப வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்து, நடு வழியில் அணைத்துவிட்டுத் திரும்பக் கிளம்பவில்லையென்றால் பாதை முழுக்க அடைபடும். அந்தப் பழி டிரைவர் தலையில். பிரேக்குக்கான காற்றழுத்தமும் இன்ஜின் ஓடினால்தான் நிற்கும். அதனால் யாரும் அணைக்கத் துணிய மாட்டார்கள். சும்மா நின்றாலே மணிக்கு 25 லிட்டர் டீசல் குடிக்கும். பிற்காலத்தில் சிறிய துணை இன்ஜின் ஒன்றை வைத்தார்கள். பெரியது அணைந்திருக்கும்போது அது பேட்டரியையும் காற்றையும் பார்த்துக்கொள்ளும். அதற்கு 3 லிட்டர்தான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களை நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை, அம்மா. உள்ளபடி சொல்கிறேன்.

---

கீழ்த்தெரு எழுதியது:

நன்றி ஐயா. இத்தனை ஆண்டில் காரணத்தை ஒருவர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் முறை.

---

பனிமூட்டம் எழுதியது:

பிரிட்டனில் வேலை பார்க்கிறேன். மீட்டர்கேஜ் கேட்பது இங்கே நடக்கிறது. 1960 முதல் 1965 வரை இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கட்டிய கிளாஸ் 37 வகையில் மொத்தம் 309 இன்ஜின்கள். அவற்றில் சில இன்றும் பிரதான பாதையில் சம்பளத்துக்கு உழைக்கின்றன, அருங்காட்சியகப் பொருளாக இல்லை. ஆர்வலர்கள் வைத்த செல்லப்பெயர் டிராக்டர். அந்த உறுமலைக் கேட்டால் வேறு பெயர் தோன்றாது. அதே காலத்துக் கிளாஸ் 20-க்குப் பெயர் சாப்பர், ஹெலிகாப்டர் போலக் கொத்துவதால்.

செல்லப்பெயர் என்றால் சோவியத் எம்62-ஐச் சொல்லியாக வேண்டும். லுகான்ஸ்கில் கட்டியது. தொடக்கத்தில் சைலன்சர் இல்லாமலே கிழக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கே மக்கள் வைத்த பெயர் "தைகா முரசு" (தைகா என்பது சைபீரியாவின் ஊசியிலைக் காடு). போலந்தில் அதற்கே ககாரின் என்று பெயர். ஒரு நாட்டுக்காரர் முரசு கேட்கிறார், இன்னொருவர் விண்வெளி வீரரை நினைக்கிறார்.

நம்மிடம் ஆல்கோவுக்கு அப்படி ஒரு பெயர் ஏன் நிலைக்கவில்லை என்று தெரியவில்லை. ஆல்கோ நிறுவனம் 1969-ல் ஸ்கெனெக்டடி தொழிற்சாலையை மூடிவிட்டது. ஆனால் அதன் வடிவமைப்பை 1964 ஜனவரியில் கட்டத் தொடங்கிய வாரணாசி, தாய் நிறுவனம் செத்த பிறகும் பல பத்தாண்டுகள் கட்டிக்கொண்டே இருந்தது. டபிள்யூடிஎம்-2 மட்டும் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். பிறந்த ஊரில் இறந்து, தத்துப்போன ஊரில் பேரன் பேத்தி எடுத்த குடும்பம் அது. ஒரு செல்லப்பெயருக்குத் தகுதியில்லையா?

---

வடக்குப்பாதை எழுதியது:

பேரன் பேத்தி என்றதும் ஞாபகம் வந்தது. அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை எங்களிடமும் இருக்கிறது. 1996-ல் வாரணாசியிலிருந்து வந்த எம்-8. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே அகலப் பாதை அளவு என்பதால் அப்படியே இறக்கி ஓட்டினார்கள். ஒரே நிலையத்தில் எம்-2-உம் எம்-8-உம் அருகருகே நின்றால், கவர்னர் ஐயா சொன்ன கணக்கைக் காதாலேயே சரிபார்க்கலாம்.

எம்-2 பற்றி எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டுப் போக முடியாது. 591 மனிட்டோபா. 2004 டிசம்பர் 26 அன்று கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போன புகையிரதத்தை இழுத்தது அதுதான். பெரலியவில் ஆழிப்பேரலை அடித்தது. ஆயிரத்து எழுநூறு பேருக்கு மேல் அந்த ஒரு புகையிரதத்தோடு போனார்கள். மனிட்டோபாவைச் சேற்றிலிருந்து மீட்டுத் திருத்தி மறுபடி ஓடவிட்டார்கள். அதன் உடலில் ஓர் அலையை வரைந்தார்கள். டிசம்பர் 26-ல் நினைவு நாளுக்காக அதே பெரலியவுக்கு அது திரும்பி வரும்.

இதைச் சொல்லும்போது ஒரு நண்பர் கேட்டார்: உள்ளே எத்தனையோ பாகங்களை மாற்றிவிட்டார்கள், அது அதே இயந்திரம்தானா? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

---

கவர்னர் எழுதியது:

தம்பி, அந்தக் கேள்வியை ஷெட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். பெரிய பழுதுபார்ப்புக்கு வந்தால் இன்ஜினை அப்படியே கிரேனில் தூக்கி வெளியே வைத்துவிட்டு, தயாராக இருக்கும் இன்னொன்றை இறக்குவோம். சக்கரங்களைச் சுழற்றும் டிராக்‌ஷன் மோட்டாரும் அப்படித்தான், சக்கரமும் அப்படித்தான். முப்பது வருடம் ஓடிய லோகோவில் முதல் நாள் பாகம் என்று அடிச்சட்டத்தையும் எண்ணையும்தான் காட்ட முடியும். ஆனாலும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குணம் இருந்தது. "அவளா, மேட்டில் சறுக்குவாள், மணல் பார்த்து வை" என்று ஓர் எண்ணைப் பற்றிச் சொல்வோம் (சக்கரம் சறுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் தூவும் மணல்). பாகமெல்லாம் மாறிய பிறகும் அவள் சறுக்கினாள். ஏன் என்று கேட்டால் என்னிடமும் விடை இல்லை.

மீட்டர்கேஜ், ஓடும் நிலையில் ஒன்று வேண்டும் என்கிறீர்கள். இன்ஜின் கிடைக்கும், பாகம்கூட எங்காவது கிடைக்கும். நீளத் திருப்புளியை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, எந்த சிலிண்டர் சரியில்லை என்று சொல்லும் ஆள் கிடைக்க வேண்டும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் இப்போது உயிரோடு இல்லை. என்னிடம் கற்றுக்கொண்டவர்கள் இருவர், இருவரும் இப்போது மின்சார ஷெட்டில். இன்றைக்கு ஆல்கோ மிச்சமிருப்பது பெரும்பாலும் யார்டில் பெட்டி கோக்கவும், ஜல்லி வண்டி இழுக்கவும், மீட்பு ரயிலுக்கும்தான். ஆகையால் பதிவு செய்வதானால் இப்போதே செய்யுங்கள். பதிவு செய்து இங்கே போடுங்கள், கேட்டுச் சொல்கிறேன். புகைபோக்கிக்கு நேராக நிற்க வேண்டாம், மற்ற எல்லாவற்றையும் அது அமுக்கிவிடும். ரேடியேட்டர் பக்கக் கோடியில், நடைமேடையில் பத்தடி தள்ளி நில்லுங்கள். ஒரு நாட்ச்கூட ஏற்றாமல் சும்மா நிற்கும்போது எடுங்கள். நோயாளியைப் படுக்கவைத்துத்தானே நாடி பார்ப்பார்கள்.

---

மீட்டர்கேஜ் எழுதியது:

நேற்று மறுபடி குன்னூர் போனேன். கவர்னர் ஐயா சொன்ன இடத்திலேயே நின்று எடுத்தேன். நான்கு நிமிடம் பத்து நொடி. ஒலிக்கோப்பை இணைத்திருக்கிறேன்.

முதல் நிமிடத்தில் அந்த எண்ணக்கூடிய வெடிப்புகள் தெளிவாக இருக்கின்றன. நானும் எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டுக்கு மேல் நாக்கு ஓடவில்லை. 1:50-க்கு ஒரு குழந்தை "அப்பா, இது ஏன் அழுகிறது?" என்று கேட்கிறாள். அதை நீக்கவில்லை. 2:40 வாக்கில் ரேடியேட்டர் விசிறி பிடித்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன், காற்றின் இரைச்சல் கூடுகிறது.

3:25-ல் "டப்" என்று ஒரு சத்தம், உடனே ஒரு பெருமூச்சு. அதன் பிறகு இன்ஜின் கொஞ்சம் இலேசாகிவிட்டதுபோல் ஒலிக்கிறது. எனக்குக் கவலையாகிவிட்டது. ஏதாவது உடைந்துவிட்டதா?

---

சன்னலோரம் எழுதியது:

ஹெட்போனில் கேட்டேன். வெடிப்புகள் மெல்ல மெல்ல நெருங்கி, மறுபடி விலகுகின்றன. அதுதானே ஐயா சொன்ன கவர்னரின் அலைச்சல்? இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

---

கவர்னர் எழுதியது:

அதேதான் அம்மா. சரியாகப் பிடித்துவிட்டீர்கள்.

மீட்டர்கேஜ், ஒன்றும் உடையவில்லை. அந்த "டப்" கம்ப்ரஸர் பாரம் இறக்கும் சத்தம். காற்றுத் தொட்டியில் அழுத்தம் பத்து கிலோவுக்கு வந்ததும் அன்லோடர் திறந்துகொள்ளும். கம்ப்ரஸர் சுற்றும், ஆனால் காற்றை அமுக்காது. இன்ஜினுக்குச் சுமை குறைகிறது, அதைத்தான் இலேசாகிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். அழுத்தம் எட்டுக்கு இறங்கியதும் மறுபடி பிடித்துக்கொள்ளும். அப்போது சத்தம் ஒரு படி கனக்கும். 2:40-ல் விசிறி என்று நீங்கள் சொன்னதும் சரி. நான்காவது சிலிண்டரோ ஐந்தாவதோ கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று தோன்றுகிறது, ஒலிக்கோப்பை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நீங்கள் நான்கு பத்தில் நிறுத்திவிட்டீர்கள். இன்னும் சில நிமிடம் நின்றிருந்தால் அந்த எட்டுக் கிலோ பிடிப்பும் பதிவாகியிருக்கும்.

---

மீட்டர்கேஜ் எழுதியது:

சனிக்கிழமை மறுபடி போகிறேன் ஐயா. ரயில் கிளம்பும்வரை நிறுத்த மாட்டேன்.

---

எட்டாம் நாட்ச் எழுதியது:

சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன். நடைமேடையில் எந்தக் கோடியில் நிற்பீர்கள்?